ரெண்டு இன்ச் ஏற்றினால் குற்றமா?

வண்டியும் சட்டமும் – 11

போன வாரம் கார் கண்ணாடியில் ஒட்டும் கறுப்பு ஃபிலிம் பற்றி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பல, கண்ணாடியை விட்டுவிட்டுச் சக்கரத்துக்குப் போய்விட்டன. “ஊருக்குள் நுழையும் இடத்தில் வேகத்தடை. நாலு பேர் உட்கார்ந்தால் காரின் அடிப்பாகம் உரசுகிறது. பட்டறையில் கேட்டால், ஸ்பேசர் போட்டு ரெண்டு இன்ச் ஏற்றித் தருகிறேன் என்கிறார்கள். போடலாமா, பிடித்துவிடுவார்களா?” சொற்கள் மாறினாலும் கேள்வி இதுதான்.

கண்ணாடி விஷயத்தில் பதில் சொல்வது சுலபமாக இருந்தது. முன், பின் கண்ணாடிகளில் 70 சதவீத ஒளியும், பக்கக் கண்ணாடிகளில் 50 சதவீத ஒளியும் ஊடுருவ வேண்டும் என்று விதியிலேயே எண் இருக்கிறது. 2012-ல் உச்ச நீதிமன்றம் ஃபிலிமுக்குத் தடை போட்டபோதும் விவாதம் அந்த எண்களைச் சுற்றியே நடந்தது. சஸ்பென்ஷனுக்கு அப்படி எண் எதுவும் கிடையாது. காரை எத்தனை மில்லிமீட்டர் உயர்த்தலாம், எத்தனை மில்லிமீட்டர் தாழ்த்தலாம் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளைப் புரட்டினால் பக்கம் பக்கமாக விளக்கு, ஹாரன், டயர், புகை எல்லாம் வரும், இது வராது. எண் இல்லை என்பதால் தடையும் இல்லை என்று பட்டறைக்காரர் நினைக்கிறார். எண் இல்லாததால் எதுவுமே கூடாது என்று அதிகாரி நினைக்கிறார். சட்டத்தின் வாசகம் அதிகாரியின் பக்கம்தான் சாய்ந்திருக்கிறது.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு சொல்வதை நம் மொழியில் சுருக்கினால் இப்படி வரும்: பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறித்துக் கொடுத்த விவரங்களோடு முரண்படும்படி எந்த உரிமையாளரும் தன் வண்டியை மாற்றக் கூடாது. பிரிவின் கடைசியில் ஒரு விளக்கமும் இருக்கிறது. ‘மாற்றம்’ என்றால், வண்டியின் கட்டமைப்பில் செய்யப்பட்டு அதன் அடிப்படைத் தன்மையையே மாற்றிவிடுவது.

இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்கிற எவருக்கும் ஒரு ஓட்டை தெரியும். உங்கள் ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள். தயாரிப்பாளர் பெயர், மாடல், சேஸிஸ் எண், என்ஜின் எண், சிலிண்டர், சி.சி., எரிபொருள், வீல்பேஸ், இருக்கைகள், வெற்று எடை, நிறம் எல்லாம் இருக்கும். ஸ்பிரிங்கின் நீளம் இருக்காது. தரையிலிருந்து காரின் அடிப்பாகம் எவ்வளவு உயரம் என்பதும் இருக்காது. இல்லாத விவரத்தோடு எப்படி முரண்பட முடியும்? அதோடு, ரெண்டு இன்ச் ஏறியதால் மாருதி ஒன்றும் மஹிந்திரா ஆகிவிடுவதில்லையே. அடிப்படைத் தன்மை எங்கே மாறியது? வக்கீல்கள் மட்டும் கிளப்புகிற வாதமில்லை இது. கோயம்புத்தூரில் ஜீப்புக்கு லிஃப்ட் கிட் மாட்டுகிற பையன்களும் அட்சரம் பிசகாமல் இதைச் சொல்வார்கள்.

இந்த வாதத்தின் பாதியை உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரி 9-ஆம் தேதி அடைத்துவிட்டது. கேரளத்திலிருந்து போன வழக்கு. வட்டாரப் போக்குவரத்து அலுவலர் ஒரு பக்கம், ஜெயச்சந்திரா என்பவர் மறுபக்கம். மாநில விதிகளுக்கு உட்பட்டு வண்டியின் கட்டமைப்பை மாற்றிக்கொள்ளலாம் என்ற பொருளில் கேரள உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்திருந்தது. அதை எதிர்த்து அரசு மேல்முறையீடு செய்தது. நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் அமர்வு, 52-வது பிரிவின் அழுத்தமே ‘தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்பு’ என்பதில்தான் இருக்கிறது, மாநில விதி எதுவானாலும் அதற்குக் கீழ்ப்பட்டதுதான் என்று சொல்லிவிட்டது. அந்த மூல விவரக்குறிப்புக்குள் வராத மற்ற விஷயங்களை மாற்றலாம், மாற்றியதை ஆர்.சி.யில் பதிந்துகொள்ள வேண்டும்.

தீர்ப்பு எதன் மீது சாய்ந்து நிற்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். எந்த மாடலாக இருந்தாலும் சந்தைக்கு வருமுன் அதன் முன்மாதிரி வண்டி அங்கீகாரம் பெற்ற சோதனை நிலையத்தில் தேற வேண்டும் என்கிறது 126-வது விதி. புனேயில் ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரில் ஐகேட், நம் ஊரில் சென்னைக்கு அருகே ஒரகடத்தில் உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையம் என்று இந்த நிலையங்கள் இருக்கின்றன. பிரேக் எத்தனை மீட்டரில் நிற்கிறது, ஸ்டீயரிங் எவ்வளவு விசை கேட்கிறது, முகப்பு விளக்கு எங்கே விழுகிறது என்பதெல்லாம் அங்கே அளந்து பதிவாகும். ஆர்.சி. என்பது அந்தச் சோதனைக் கோப்பின் சின்னச் சுருக்கம்தான். சுருக்கத்தில் ஸ்பிரிங் இல்லை என்றாலும் கோப்பில் இருக்கிறது. பட்டறைப் பையன்களின் வாதத்துக்கு நீதிமன்றம் நேரடியாகச் சொல்லாத பதில் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

ஆனாலும் மீதிப் பாதி திறந்தே கிடக்கிறது. ‘அடிப்படைத் தன்மை’ என்பது எத்தனை மில்லிமீட்டரில் மாறுகிறது? அதை யாரும் சொல்லவில்லை.

சரி, ரெண்டு இன்ச்சில் என்ன கெட்டுப்போகும்? இந்தக் கேள்விக்கு அதிகாரிகள் யாரும் பொறுமையாகப் பதில் சொல்வதில்லை. நாமாவது கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் முகப்பு விளக்கு. டிம் வெளிச்சம் சாலையை நோக்கிச் சற்றே கீழ்நோக்கிச் சரிந்திருக்கும். ஏறத்தாழ நூறில் ஒரு பங்குச் சரிவு. பத்து மீட்டர் தள்ளிப் போனால் வெளிச்சத்தின் மேல்விளிம்பு பத்து சென்டிமீட்டர் இறங்கியிருக்கும். இப்போது முன்பக்கம் மட்டும் ஒரு இன்ச் ஸ்பேசர் போடுகிறீர்கள். வீல்பேஸ் இரண்டரை மீட்டர். இரண்டரை மீட்டருக்கு இரண்டரை சென்டிமீட்டர் ஏற்றம் என்றால் அதுவும் நூறில் ஒன்று. முன்பு இருந்த சரிவு மொத்தமும் போய்விட்டது. டிம்மில்தான் ஓட்டுகிறேன் என்று நீங்கள் நினைப்பீர்கள். எதிரே டூவீலரில் வருகிறவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு சாலை ஓரத்துக்கு ஒதுங்குவார். டாஷ்போர்டில் இருக்கும் சின்னச் சக்கரத்தைத் திருகியோ, விளக்குக்குப் பின்னால் இருக்கும் ஸ்கிரூவைத் திருப்பியோ இதைச் சரிசெய்யலாம். ஸ்பேசர் போட்ட கையோடு விளக்கையும் சரிசெய்து அனுப்புகிற பட்டறையைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

அடுத்தது கவிழ்வது. இரண்டு சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தில் பாதியை, வண்டியின் ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்தால் ஒரு எண் கிடைக்கும். அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் வண்டிகளின் கவிழும் அபாயத்தைத் தரம் பிரிக்க இந்த எண்ணைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறது. எண் பெரிதாக இருந்தால் நல்லது. அகலம் ஒன்றரை மீட்டர், ஈர்ப்பு மையம் 65 சென்டிமீட்டரில் என்று ஒரு உயரமான காரை எடுத்துக்கொண்டால் விடை 1.15. மையம் 70 சென்டிமீட்டருக்குப் போனால் 1.07. ரெண்டு இன்ச் உயர்த்தினால் மையம் முழுசாக ரெண்டு இன்ச் உயராது. சக்கரமும் ஆக்சிலும் இருந்த இடத்திலேயே இருக்கும், உடம்பு மட்டும்தான் மேலே போகும். ஆனால் கூரை மேல் கேரியர், அதில் நாலு மூட்டை என்று சேர்த்துக்கொண்டால் கணக்கு வேகமாக இறங்கும். ஹேர்பின் வளைவுகளில் ஏறி ஊட்டிக்கோ ஏற்காட்டுக்கோ போகிறவர்களுக்கு இந்தத் தசமப் புள்ளிகள் முக்கியம்.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத சேதம். முன்சக்கரத்தை ஓட்டும் டிரைவ் ஷாஃப்டின் மூட்டுகள் குறிப்பிட்ட கோணத்துக்குள் வேலை செய்யத்தான் செய்யப்பட்டவை. காரைத் தூக்கினால் கோணம் கூடுகிறது, பூட் கிழிகிறது, கிரீஸ் வெளியேறுகிறது, வளைவில் ‘கடக் கடக்’ என்று சத்தம் வர ஆரம்பிக்கிறது. டயரின் சாய்மானம் மாறி ஒரு பக்கமாகத் தேயும். ஏ.பி.எஸ். 2019 ஏப்ரலிலிருந்து எல்லாப் புதிய கார்களிலும் கட்டாயம். அதற்கு மேல் வழுக்கலைத் தடுக்கும் ஈ.எஸ்.சி. இருந்தால், அது தொழிற்சாலையில் எந்த உயரத்துக்குப் பழக்கப்பட்டதோ அந்த உயரத்தை நம்பித்தான் முடிவெடுக்கும். கண்ணாடிக்குப் பின்னால் கேமரா வைத்த புதிய கார்களில் கேமராவின் பார்வைக் கோணமே மாறிவிடும்.

தாழ்த்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. தரமான குட்டை ஸ்பிரிங் வாங்கிப் போடுவது ஒரு வகை. இருக்கிற ஸ்பிரிங்கைக் கட்டர் வைத்து ஒன்றரைச் சுற்று வெட்டுவதும், கேஸ் டார்ச்சால் காய்ச்சி உட்கார வைப்பதும் வேறு வகை. காய்ச்சிய எஃகு தன் பதத்தை இழந்துவிடும். வெட்டிய ஸ்பிரிங், சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது தன் இருக்கையை விட்டு நழுவ வாய்ப்பிருக்கிறது. இதற்குச் சட்டம் எதுவும் சொல்லாவிட்டாலும் செய்யாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

எதைத் தைரியமாகச் செய்யலாம்? தேய்ந்த ஷாக், உடைந்த ஸ்பிரிங், போன புஷ், லிங்க் ராட் எல்லாவற்றையும் அதே அளவில் மாற்றலாம். கம்பெனி முத்திரை போட்ட பாகமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை; அந்த மாடலுக்கென்று அதே உயரத்துக்கும் அதே பளுவுக்கும் செய்த பாகமாக இருந்தால் அது பழுதுபார்ப்புதான், மாற்றம் ஆகாது. ஷாக்கின் தரம் மேம்பட்டு உயரம் அப்படியே இருந்தால் யாரும் கேள்வி கேட்பதற்கு முகாந்திரம் இல்லை. ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவே செருகும் ரப்பர் பஃபரை எடுத்துக்கொள்வோம். அதற்கு அனுமதியும் இல்லை, அதைப் பெயர் சொல்லித் தடுக்கிற வரியும் இல்லை. வெறுமனே கழற்றிவிடலாம் என்பதால் யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. ஸ்பேசர், நீள ஸ்பிரிங், லிஃப்ட் கிட், உயரத்தைத் திருகி மாற்றும் காயில்ஓவர் எல்லாம் 52-வது பிரிவின் நிழலுக்குள் வந்துவிடுகின்றன. கூடவே பெரிய டயரும் போட்டால் நிழல் என்று சொல்வதற்கில்லை. நேராகப் பிரிவுக்குள்ளேயே நிற்கிறீர்கள்.

லாரிக்காரர்கள் கதை தனி. நாமக்கல், சங்ககிரிப் பக்கம் கமான் பட்டையில் கூடுதலாக ஒன்றிரண்டு பிளேட் ஏற்றுவது தொழிலோடு சேர்ந்த வழக்கம். பட்டை ஏறினால் வண்டி தாங்கும், தாங்கினால் லோடு ஏற்றலாம் என்பது எளிய கணக்கு. சட்டம் அந்தக் கணக்கைப் போடுவதில்லை. ஆர்.சி.யில் உள்ள மொத்த எடைதான் வரம்பு. 2018 ஜூலையில் மத்திய அரசே அந்த வரம்பை உயர்த்தி, ஆறு டயர் லாரிக்கு 16.2 டன்னாக இருந்ததை 18.5 டன் ஆக்கியது. அதற்கு மேல் போனால் 194-வது பிரிவில் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். பட்டையைக் கூட்டியதால் ஸ்பிரிங் உடையாமல் போகலாம். பிரேக்கும் ஆக்சிலும் கூடவில்லையே. லாரிக்கு ஒரு காப்பும் இருக்கிறது: எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதற்குப் பிறகு வருடந்தோறும் எஃப்.சி. காட்ட வேண்டும். பிரேக் இன்ஸ்பெக்டர் குனிந்து அடியில் பார்ப்பார், அல்லது பார்த்ததாக எழுதுவார்.

சொந்தக் காருக்கு அந்தப் பார்வையும் இல்லை. பதிவு 15 வருடத்துக்குச் செல்லும். அதுவரை காரின் அடியில் அரசாங்கத்தின் கண் படவே படாது. அதனால்தான் “எத்தனையோ பேர் போட்டிருக்கிறார்கள், யார் பிடித்தார்கள்?” என்ற கேள்விக்கு இத்தனை வலு. பிடிபடுகிற இடங்கள் மூன்றே மூன்று: சாலைச் சோதனை, 15-வது வருடப் புதுப்பிப்பு, விபத்து. முதல் இரண்டிலும் பெரும்பாலும் பணத்தோடு போய்விடும். மூன்றாவதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தண்டனையைப் பார்த்துவிடலாம். 2019 செப்டம்பர் 1 முதல் 182ஏ என்ற புதிய பிரிவு நடைமுறையில் இருக்கிறது. அதன் நான்காவது உட்பிரிவின்படி, சட்டம் அனுமதிக்காத வகையில் வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ‘ஒவ்வொரு மாற்றத்துக்கும்’ என்ற சொற்களில்தான் வலி. லிஃப்ட் கிட் ஒன்று, டயர் ஒன்று, பம்பர் ஒன்று, கூரை விளக்கு ஒன்று என்று எண்ணிக்கொண்டே போகலாம். பாதுகாப்புத் தரத்துக்குப் புறம்பான வண்டியை ஓட்டினால் 190(2) பிரிவு தனியாக வருகிறது: மூன்று மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், ஓட்டுநர் உரிமமும் மூன்று மாதம் முடங்கும். பொதுமக்களுக்கு ஆபத்து என்று தோன்றினால், விளக்கம் கேட்டுவிட்டு, குறையைச் சரிசெய்யும்வரை பதிவையே நிறுத்திவைக்க 53-வது பிரிவு இடம் தருகிறது.

ஏட்டில் மட்டும் இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். 2022-ல் ஸ்ரீநகரில் ஒரு போக்குவரத்து நீதிமன்றம், தார் ஜீப்பைப் பலவிதமாக மாற்றிய இளைஞருக்கு ஆறு மாதச் சிறைத் தண்டனை விதித்தது. முதல் குற்றம் என்பதால் இரண்டு லட்ச ரூபாய் பிணைப்பத்திரத்தில், இரண்டு வருடம் ஒழுங்காக இருக்கும் நிபந்தனையில் விட்டது. அதற்கு முந்தைய வருடம் கண்ணூரில், யூடியூபில் பிரபலமான சகோதரர்கள் இருவரின் கேரவனைக் கேரள மோட்டார் வாகனத் துறை பிடித்துவைத்ததும், அதையொட்டி அலுவலகத்தில் நடந்த ரகளையும் நினைவிருக்கும். இரண்டிலுமே ஸ்பிரிங் மட்டும் பிரச்சினை இல்லை. வண்டி கண்ணை உறுத்தும்படி இருந்தது. நடைமுறையில் அதிகாரிகள் பிடிப்பது கண்ணில் படுவதைத்தான்.

கிட்டை மாட்டிய பட்டறைக்கு என்ன ஆகும் என்று தேடினேன். 182ஏ-வின் முதல் உட்பிரிவு தயாரிப்பாளர், இறக்குமதியாளர், விற்பனையாளர் ஆகியோருக்கு ஒரு வருடம் வரை சிறை அல்லது வண்டிக்கு ஒரு லட்சம் அபராதம் என்கிறது. தெருமுனைப் பட்டறை இந்தப் பட்டியலில் வெளிப்படையாக இல்லை. ஆக, கழுத்தை நீட்டுகிறவர் வண்டிக்காரர் மட்டும்தான்.

இப்போது விபத்துக்கு வருவோம். உங்கள் கார் இன்னொருவர் மேல் மோதினால், அவருக்குத் தர வேண்டிய இழப்பீட்டிலிருந்து காப்பீட்டு நிறுவனம் அவ்வளவு சுலபமாகத் தப்ப முடியாது. 150-வது பிரிவு, நிறுவனம் சொல்லக்கூடிய சாக்குகளைக் கணக்காக எண்ணி வைத்திருக்கிறது: உரிமம் இல்லாத ஓட்டுநர், குடிபோதை, பந்தயம், அனுமதிக்குப் புறம்பான பயன்பாடு என்று போகும். ஸ்பிரிங்கை மாற்றியது அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் முக்கியமான உண்மையை மறைத்துப் பாலிசி எடுத்தார் என்பது இருக்கிறது. புதுப்பிக்கும்போது மாற்றத்தைச் சொல்லவில்லை என்றால், வாதாட அங்கே ஒரு கதவு கிடைக்கும்.

உங்கள் சொந்தக் காரின் சேதத்துக்கு இந்தப் பாதுகாப்பும் கிடையாது. அது உங்களுக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம். வண்டியைச் சரியான நிலையில் பராமரிக்க வேண்டும் என்பது கார் பாலிசிகளில் வழக்கமாக இருக்கும் நிபந்தனை. சர்வேயர் வந்து குனிந்து பார்த்து, ஸ்பேசரைப் படம் எடுத்துக்கொண்டார் என்றால் அதற்குப் பிறகு கடிதப் போக்குவரத்துதான். நிபந்தனை மீறல் விபத்துக்கே காரணமாக இல்லாவிட்டால் முழுத் தொகையையும் மறுக்கக் கூடாது, 75 சதவீதம் வரை தரலாம் என்ற போக்கில் 2010-ல் அமலேந்து சாகு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அந்த வழக்கு வாடகைக்கு விட்ட கார் பற்றியது. ஸ்பிரிங்கே வழுக்கலுக்குக் காரணம் என்று நிறுவனம் நிரூபித்தால் அந்தத் தீர்ப்பு எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பது வழக்கைப் பொறுத்தது.

மற்ற நாடுகளில் இதை எப்படிக் கையாள்கிறார்கள்? ஆஸ்திரேலியாவைத்தான் உதாரணமாகச் சொல்வேன், ஏனென்றால் அங்கே ஜீப் மோகம் நம் ஊரைவிட அதிகம். வி.எஸ்.பி. 14 என்ற தேசிய நடைமுறைத் தொகுப்பு வைத்திருக்கிறார்கள். அதில் சஸ்பென்ஷனுக்குத் தனி அத்தியாயமே உண்டு. டயரும் ஸ்பிரிங்கும் சேர்ந்து 50 மில்லிமீட்டர் வரை உயர்த்தினால் சான்றிதழ் தேவையில்லை. சில மாநிலங்கள் நிபந்தனையோடு 75 வரை விடுகின்றன. அதற்கு மேல் போனால் அங்கீகாரம் பெற்ற பொறியாளர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ரொம்பவே தூக்கினால், வேகமாகத் தடம் மாறும் சோதனையில் வண்டி தேறியாக வேண்டும். தாழ்த்துகிறவர்கள், சக்கரம் மேலெழும்ப முன்பு இருந்த இடைவெளியில் மூன்றில் இரண்டு பங்கையாவது விட்டுவைக்க வேண்டும். தரைக்கும் வண்டிக்கும் 100 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். ஜெர்மனியில் பாகத்தோடு சோதனை அறிக்கையும் விற்கிறார்கள். மாட்டியபின் ஆய்வாளரிடம் காட்டி ஆவணத்தில் ஏற்றிவிடலாம். காட்டாமல் விட்டு, மாற்றம் ஆபத்தானது என்று ஆகிவிட்டால் வண்டியின் இயக்க அனுமதியே காலாவதி.

அமெரிக்காவில் மூக்கைத் தூக்கிப் பின்பக்கத்தை இறக்கும் ஒரு கிறுக்கு மோஸ்தர் பரவியது. கரோலினா ஸ்குவாட் என்று பெயர். ஓட்டுநருக்கு முன்னால் நிற்கும் குழந்தைகூடத் தெரியாது. 2021 டிசம்பரிலிருந்து வட கரோலினா, முன்மட்கார்டு பின்மட்கார்டைவிட நான்கு இன்ச்சோ அதற்கு மேலோ உயரமாக இருக்கக் கூடாது என்று தடை போட்டது. வர்ஜீனியாவும் தென் கரோலினாவும் பின்தொடர்ந்தன. நான்கு இன்ச். டேப் வைத்து அளந்தால் முடிந்தது, வாதத்துக்கு இடமில்லை.

நம் நாட்டில் இது முடியாத காரியமா? 2019 திருத்தம் 52-வது பிரிவிலேயே வழி வைத்திருக்கிறது. வண்டி மாற்றத்துக்கும் பின்பொருத்தலுக்கும் மத்திய அரசு தரமும் நிபந்தனையும் வகுக்கலாம். அப்படி வகுத்த மாற்றத்தைச் செய்தால் தயாரிப்பாளரின் வாரண்டியும் போகாது என்று எழுதியிருக்கிறது. கேஸ் கிட்டுக்கும் மின் மோட்டாருக்கும் இந்த வகை விதிகள் இருக்கின்றன. மாற்றுத்திறனாளிகள் தங்களுக்கேற்ப வண்டியை மாற்றி, பிறகு போய் ஒப்புதல் வாங்கிக்கொள்ளலாம் என்ற நல்ல ஏற்பாட்டையும் அதே திருத்தம் கொண்டுவந்தது. ஸ்பிரிங்குக்கு மட்டும் யாரும் பேனாவைத் திறக்கவில்லை.

திறக்க வேண்டிய தேவை இருக்கிறது, ஏனென்றால் இந்தக் கடிதங்களை எழுதியவர்களில் பெரும்பாலோர் மோஸ்தருக்காகக் கேட்கவில்லை. வேகத்தடைக்காகக் கேட்கிறார்கள். இந்தியச் சாலைக் காங்கிரஸின் 99-வது வழிகாட்டி நெறி, வேகத்தடை என்றால் 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், 17 மீட்டர் ஆர வளைவு என்று அளவு சொல்கிறது. வீல்பேஸ் 2.4 மீட்டர் உள்ள சின்னக் கார் அதன் மேல் ஏறி நின்றால் நடுவில் மேடு எவ்வளவு துருத்தும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்: நாலேகால் சென்டிமீட்டர்கூட இல்லை. நம் சின்னக் கார்களின் அடி இடைவெளி ஆள் ஏறாத நிலையில் 16, 17 சென்டிமீட்டர். நாலு பேரும் ஒரு மூட்டையும் ஏறினால்கூட உரசாது. உரசுகிறது என்றால் அந்த மேடு நெறிப்படி கட்டப்படவில்லை. யாரோ ஒருவர் ஒரு வண்டி ஜல்லியும் தாரும் கொட்டி ராவோடு ராவாகப் போட்டது. வண்டியில் ஒரு இன்ச் மாறினால் 5,000 ரூபாய் கேட்கிற அரசாங்கம், சாலையில் ஒரு முழம் மாறினால் யாரையும் எதுவும் கேட்பதில்லை. இதற்காகக் கோபப்படுகிறவர்களின் கோபம் நியாயமானது.

என் பதிலைக் கேட்டால்: தினமும் ஓட்டுகிற குடும்பக் காரில் ஸ்பேசர் போடாதீர்கள். முதலில் ஷாக்கையும் ஸ்பிரிங்கையும் சோதித்துப் பாருங்கள். ஐந்தாறு வருடம் ஓடிய காரில் பாதி உரசல் உட்கார்ந்துபோன ஸ்பிரிங்கால் வருவது. அதே அளவில் புதுசு போட்டால் இழந்த உயரம் திரும்பக் கிடைக்கும், சட்டமும் குறுக்கே வராது. டயரில் காற்றைக் கம்பெனி சொன்ன அளவுக்கு நிரப்புங்கள். ஏற்கெனவே கிட் போட்டவர்கள் பழைய ஸ்பிரிங்கைக் காயலான் கடைக்குப் போடாமல் வீட்டில் வையுங்கள், கிட்டின் ரசீதையும் வையுங்கள், முகப்பு விளக்கை மறுபடி சரிபாருங்கள், காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதித் தெரிவித்து அவர்கள் பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். பந்தயத்துக்கோ காட்டுப் பாதைக்கோ என்றால் அதற்கென்று ஒரு வண்டி, அதை ஏற்றிக்கொண்டு போக ஒரு டிரெய்லர், இருங்காட்டுக்கோட்டையிலோ கோவை கரி ஸ்பீட்வேயிலோ ஓட்டம் என்பதே ஒழுங்கான வழி. செலவு அதிகம்தான்.

ஊர் வேகத்தடையில் கார் உரசுகிறவர்கள் ஸ்பேசர் காசில் பத்து ரூபாய் எடுத்து ஒரு டேப் வாங்கி, மேட்டின் அகலத்தையும் உயரத்தையும் அளந்து, படத்தோடு நெடுஞ்சாலைத் துறைக்கோ உள்ளாட்சிக்கோ மனு போடுங்கள். 3.7 மீட்டர், 10 சென்டிமீட்டர் என்ற இரண்டு எண்களையும் மனுவில் மறக்காமல் எழுதுங்கள்.

அடுத்த வாரம்: சைலன்சர்.